போன் லைன் பிராட்பேண்ட் விட்டு விட்டு வருகிறதா? அறிகுறியை வைத்துப் பழுதைத் தேடும் வழி

செம்புக் கம்பி போன் லைனில் வரும் பிராட்பேண்ட் விட்டு விட்டு வந்தால், பெரும்பாலான வீடுகளில் மோடத்தை அணைத்துப் போடுவார்கள். மறுபடி போனால் மறுபடி அணைத்துப் போடுவார்கள். கொஞ்ச நாளில் வெறுத்துப்போய்ப் புது மோடம் வாங்குவார்கள், அல்லது அதிக வேகமுள்ள பிளானுக்கு மாறுவார்கள். பழுதோ, கம்பத்தில் வீட்டு லைன்கள் பிரியும் டிபி பெட்டிக்குள் பச்சை பிடித்த ஒரு கம்பி முறுக்கில் இருக்கும். தாங்காத லைனில் வேகத்தைக் கூட்டினால் அது முன்பைவிட அடிக்கடி அறும்.

எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்கள் கணினி வரை உள்ள பாதையைத் துண்டு துண்டாகப் பாருங்கள். எக்ஸ்சேஞ்சில் டிஎஸ்லாம் போர்ட் (உங்கள் லைனில் பிராட்பேண்டை ஏற்றும் கருவியின் வாய்), தரைக்கடியில் கேபிள், தெருமுனையில் பில்லர் (கேபிள்களை இணைக்கும் பெட்டி), கம்பத்தில் டிபி பெட்டி, அங்கிருந்து வீட்டுக்கு வரும் டிராப் வயர், சுவரில் ரோசெட் (அந்த வயர் வந்து முடியும் சின்னப் பெட்டி), அப்புறம் குரலையும் நெட்டையும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர், மோடம், கடைசியில் வைஃபை. பழுது இதில் ஏதோ ஒரு துண்டில்தான் இருக்க முடியும். எந்தத் துண்டு என்பதை அறிகுறியே சொல்லிவிடும். எப்போது அறுகிறது, அறும்போது எந்த விளக்கு அணைகிறது, அந்த நேரத்தில் போன் காதில் எப்படிக் கேட்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

முதல் சோதனை காதால் செய்வது. கார்ட்லெஸ் வேண்டாம், அதற்கே ஓர் இரைச்சல் உண்டு. பழைய கம்பி போன் ஒன்றை எடுங்கள். ரிசீவரை எடுத்து ஏதாவது ஒரே ஓர் எண்ணை அழுத்துங்கள். டயல் டோன் நின்று சில விநாடிகள் லைன் அமைதியாக இருக்கும். அந்த அமைதியைக் கேளுங்கள். ஒன்றுமே கேட்கவில்லை என்றால் நல்லது. கரகர, படபட என்று வந்தால் எங்கோ ஒரு இணைப்பு தளர்ந்திருக்கிறது அல்லது துருவேறியிருக்கிறது. ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் விடாமல் வந்தால் ஒரு கம்பியில் ஈரம் இறங்கி எர்த் ஆகிறது என்று பொருள். யாரோ பேசுவது மெல்லக் கேட்டால் லைன் கிராஸ் ஆகியிருக்கிறது.

இவற்றில் எது கேட்டாலும் இன்டர்நெட் பிரிவில் புகார் கொடுக்காதீர்கள். போன் பழுது என்றே பதிவு செய்யுங்கள். இன்டர்நெட் என்று சொன்னால் உங்களை ஒரு மணி நேரம் மோடத்தை அணைத்துப் போடச் சொல்வார்கள். போன் கரகரக்கிறது என்று சொன்னால் லைன்மேன் கம்பத்தில் ஏறுவார். குரல் சுத்தமானால் பெரும்பாலும் நெட்டும் சேர்ந்தே சரியாகிவிடும்.

இரண்டாவது சோதனை, மோடம் காட்டும் எண்களைப் படிப்பது. பிரவுசரில் 192.168.1.1 என்று போட்டால் பல மோடங்களின் பக்கம் திறக்கும். அதில் ஸ்டேட்டஸ் பகுதிக்குள் டிஎஸ்எல் என்றோ ஏடிஎஸ்எல் என்றோ (போன் லைன் பிராட்பேண்டின் பெயர்) ஒரு பக்கம் இருக்கும். அங்கே பார்க்க வேண்டியவை நான்கு.

ஒன்று சிங்க் வேகம், அதாவது மோடமும் எக்ஸ்சேஞ்சும் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட வேகம்.

இரண்டாவது எஸ்என்ஆர் மார்ஜின். லைனில் உள்ள இரைச்சலைத் தாங்க இன்னும் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்பது இது. வழக்கமாக 6 டெசிபல் மிச்சம் வைத்துக்கொண்டுதான் எக்ஸ்சேஞ்ச் இணைப்பைக் கட்டும். 10க்கு மேல் இருந்தால் கவலை இல்லை. 6க்குக் கீழே இறங்கினால் கண் வைக்க வேண்டும். 2, 3 என்று தடுமாறினால் எந்த நிமிடமும் அறும்.

மூன்றாவது அட்டென்யுவேஷன், வழியில் சிக்னல் எவ்வளவு தேய்கிறது என்பது. இது லைனின் நீளத்தைப் பொறுத்தது. அரை மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 13.8 டெசிபல் என்று கணக்கு வைக்கலாம். 41 என்று காட்டினால் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர். சாலையில் அளக்கும் தூரத்தைவிடக் கேபிள் சுற்றி வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். லைனின் நீளம் நாளுக்கு நாள் மாறாது. ஆகவே இந்த எண்ணும் பெரிதாக மாறக் கூடாது. நேற்று 32, இன்று 44 என்றால் எங்கோ ஒரு இணைப்பு கெட்டுவிட்டது.

நான்காவது பிழைக் கணக்கு. எஃப்இசி என்பது திருத்திக்கொண்ட பிழைகள். அது எவ்வளவு ஏறினாலும் பயமில்லை. சிஆர்சி என்பது திருத்த முடியாமல் போனவை. அது நிமிடத்துக்கு நிமிடம் ஏறிக்கொண்டே போனால் லைன் கெட்டிருக்கிறது.

நெட் ஒழுங்காக ஓடும் ஒரு நாளில் இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி மோடத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். நான் சொல்வதில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். நல்ல நாளின் எண் தெரியாவிட்டால் கெட்ட நாளின் எண்ணை வைத்து எதையும் சொல்ல முடியாது.

மூன்றாவது, வைஃபையை ஒதுக்கிவிட்டு லேன் கேபிளில் கணினியை நேராக மோடத்தில் செருகிப் பார்ப்பது. கமாண்ட் விண்டோவில் மோடத்தின் முகவரிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) ஓட விடுங்கள். இன்னொரு விண்டோவில் வெளியே உள்ள கூகுள் சர்வரான 8.8.8.8க்கு ஓட விடுங்கள். இதையே வைஃபையிலும் செய்து பாருங்கள்; அப்போது மட்டும் மோடத்திலிருந்தே பதில் தவறினால் பழுது உங்கள் வீட்டுக் காற்றில்தான் இருக்கிறது. லைன்மேனைக் கூப்பிட்டுப் பயனில்லை. மோடம் ஒழுங்காகப் பதில் தந்து, வெளியே மட்டும் தவறினால் தொடர்ந்து படியுங்கள்.

டிஎஸ்எல் விளக்கு நிலையாக எரிகிறது, ஆனால் நெட் இல்லை

டிஎஸ்எல் விளக்கு எக்ஸ்சேஞ்சோடு உள்ள இணைப்பைக் காட்டுவது; அது நிலையாக எரிந்தால் லைன் நன்றாக இருக்கிறது. பழுது லாகினில் அல்லது அதற்கு அப்பால்.

கணினியிலிருந்தே டயல் செய்து லாகின் ஆகிறவர்களுக்கு விண்டோஸ் ஒரு பிழை எண் காட்டும். 691 என்றால் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ ஏற்கப்படவில்லை. பில் பாக்கி இருந்தாலும் இதே எண் வரலாம். கரண்ட் போய் வந்த உடனே 691 வந்தால் கடவுச்சொல்லை மாற்ற ஓடாதீர்கள். உங்கள் பழைய இணைப்பு அந்தப் பக்கம் இன்னும் மூடப்படாமல் கிடக்கலாம். மோடத்தைப் பதினைந்து நிமிடம் அணைத்து வைத்துவிட்டுப் போடுங்கள். 678 என்றால், புதிய விண்டோஸில் 651 என்றால், அந்தப் பக்கத்திலிருந்து பதிலே இல்லை. 769 என்றால் கணினியின் நெட்வொர்க் கார்டு முடக்கப்பட்டிருக்கிறது. அது உங்கள் கணினிக்குள் சரிசெய்ய வேண்டியது.

மோடமே டயல் செய்யும் அமைப்பில் இன்டர்நெட் விளக்கு சிவப்பாக எரியும் அல்லது அணைந்திருக்கும். இங்கேதான் பலர் மோடத்தின் பின்னால் உள்ள சின்னத் துளைக்குள் ஊசியை விட்டு ரீசெட் செய்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ரீசெட் செய்தால் பயனர் பெயர், கடவுச்சொல், விபிஐ, விசிஐ என்ற லைன் அமைப்பு எண்கள் எல்லாம் அழிந்துபோகும். ஒரு சின்னப் பழுது இருந்த இடத்தில் இரண்டு பழுது ஆகிவிடும். ஏற்கெனவே செய்துவிட்டீர்கள் என்றால், பிஎஸ்என்எல் லைன்களில் பொதுவாக விபிஐ 0, விசிஐ 35, இணைப்பு வகை பிபிபிஓஇ. மற்ற நிறுவனங்களில் எண் வேறு. கேட்டுத்தான் போட வேண்டும்.

எல்லா விளக்கும் சரி, 8.8.8.8 பிங் பதில் தருகிறது, ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை என்றால், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் பழுது. மோடத்தில் அல்லது கணினியில் டிஎன்எஸ் முகவரியை 8.8.8.8, 1.1.1.1 என்று மாற்றினால் தீர்ந்தது.

நேரம் காலம் இல்லாமல் டிஎஸ்எல் விளக்கே அணைந்து மினுக்குகிறது

இதில்தான் அதிகப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். வீட்டுக்குள்ளா, வெளியிலா என்பதை ஒரே சோதனையில் பிரித்துவிடலாம்.

டிராப் வயர் வீட்டுக்குள் நுழைந்து முதலில் வந்து சேரும் ரோசெட் பெட்டியைக் கண்டுபிடியுங்கள். அதற்கப்பால் வீட்டுக்குள் போகும் எல்லாக் கம்பியையும் கழற்றுங்கள். பாரலல் போன் (அதே லைனில் கூடுதலாக இணைத்தது), ஃபேக்ஸ், காலர் ஐடி பெட்டி எல்லாம் வெளியே. மோடத்தை அந்த ரோசெட்டிலேயே நேராக, குட்டையான ஒயரில் செருகி ஒரு நாள் ஓட விடுங்கள். நெட் அறவில்லை என்றால் பழுது உங்கள் வீட்டு ஒயரிங்கில். அங்கேயும் அறுந்தால் கம்பம் பக்கம், புகார் கொடுக்கலாம்.

கம்பியில் கை வைக்கும்போது ஒரு எச்சரிக்கை. போன் லைனில் சும்மா இருக்கும்போதே 48 வோல்ட் நேர்மின்சாரம் இருக்கும். மணி அடிக்கும்போது அதன் மேல் 75 வோல்ட் அளவுக்கு மாறுமின்சாரம் ஏறும். ஈரக் கையோடு தொடாதீர்கள். வானம் இடித்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வீட்டு ஒயரிங் என்று உறுதியானால் தேட வேண்டிய இடங்கள் சில. முதலில் ஸ்ப்ளிட்டர். அதில் லைன், போன், மோடம் என்று மூன்று வாய் இருக்கும். குரல் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான். ஏடிஎஸ்எல் சுமார் 26 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி மேலே போகிறது. இரண்டும் ஒரே கம்பியில் வந்தாலும் போன் வாய்க்குள் உயர் அதிர்வெண் போகாமல் தடுப்பதுதான் ஸ்ப்ளிட்டரின் வேலை. அப்படியானால் வீட்டில் உள்ள ஒவ்வொரு போனும் ஸ்ப்ளிட்டரின் போன் வாய்க்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். ஹாலில் ஸ்ப்ளிட்டர் போட்டுவிட்டு, ரோசெட்டிலிருந்தே மாடி ரூமுக்கு ஒரு பாரலல் இழுத்திருப்பார்கள். அந்த ஒரு போன் போதும், இணைப்பைக் கெடுக்க. பாரலல் கட்டாயம் வேண்டும் என்றால் அதற்குத் தனி ஃபில்டர் போடுங்கள், அல்லது அதன் கம்பியை ஸ்ப்ளிட்டரின் போன் வாய்க்கு மாற்றுங்கள். போன் இல்லாமல் வெறுமனே சுவருக்குள் ஓடி முடியும் நீட்டிப்புக் கம்பியும் கெடுதல்தான்; சிக்னல் அதன் முனை வரை போய்த் திரும்பி வந்து மூலத்தையே கெடுக்கும். கழற்றி எறியுங்கள்.

அடுத்தது ஸ்ப்ளிட்டரிலிருந்து மோடத்துக்கு வரும் ஒயர். கடையில் கிடைக்கும் தட்டையான போன் ஒயரில் முறுக்கு இல்லை. இரண்டு கம்பியும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கியிருந்தால்தான் வெளி இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறி ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் என்றால் தட்டை ஒயர் பரவாயில்லை. பத்து மீட்டர் இழுக்க வேண்டும் என்றால் லேனுக்குப் போடும் கேட்5 கேபிளில் ஒரு ஜோடியை எடுத்துப் பயன்படுத்துங்கள். கரண்ட் ஒயர் ஓடும் அதே பைப்புக்குள் விடாதீர்கள்.

மூன்றாவதாக, மோடத்தின் அடாப்டர். ஓரிரு வருடம் இரவும் பகலும் ஓடிய அடாப்டர் உள்ளே களைத்துப்போய், சுமை ஏறும்போது வோல்டேஜ் இறங்கும். அடையாளம் சுலபம்: டிஎஸ்எல் விளக்கு மட்டும் அணைந்தால் லைன்; எல்லா விளக்கும் ஒன்றாக அணைந்து எரிந்தால் அடாப்டர். புதிது வாங்கும்போது பழையதில் எழுதியிருக்கும் வோல்ட் அதேயாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம். மே மாத வெயிலில் டிவி பெட்டிக்கு மேல் வைத்த மோடமும் இப்படித்தான் நடந்துகொள்ளும். காற்றுப் படும் இடத்தில் வையுங்கள்.

போன் மணி அடித்தால், அல்லது ரிசீவரை எடுத்தால் நெட் போகிறது

முதலில் ஸ்ப்ளிட்டரை மாற்றிப் பாருங்கள், விலை அதிகமில்லை. மாற்றியும் பழுது தீரவில்லை என்றால் ரோசெட் சோதனையைச் செய்யுங்கள். அங்கேயும், ஒரே போன், ஒரே ஸ்ப்ளிட்டர், ஒரே மோடம் என்று வைத்தும் மணி அடிக்கும்போது அறுந்தால், வெளியே துருவேறிய இணைப்பு ஒன்று இருக்கிறது. போன் சும்மா இருக்கும்போது லைனில் மின்னோட்டம் ஏறக்குறைய இல்லை. ரிசீவரை எடுத்ததும் மின்னோட்டம் ஓடுகிறது. துருப் படலத்தின் தடை சட்டென்று மாறுகிறது. மோடம் பேசிக்கொண்டிருந்த கணக்கு குலைகிறது.

இதற்கு எதிர்மாறான ஒன்றும் உண்டு. ரிசீவரை எடுத்து வைத்திருந்தால் நெட் நன்றாக ஓடும், வைத்தால் போய்விடும். அதுவும் இதே பழுதுதான். ஓடும் மின்னோட்டம் அந்தத் துருவைத் தற்காலிகமாகத் துளைத்துக்கொண்டு நல்ல தொடர்பைத் தருகிறது. லைன்மேனிடம் இந்த நடத்தையை அப்படியே சொல்லுங்கள். அனுபவமுள்ளவர் கேட்ட உடனே ஜாயின்ட் என்று புரிந்துகொள்வார்.

மழை பெய்தால் போகிறது, காய்ந்தால் வருகிறது

ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் வரும் பழுது. டிராப் வயரில் ஒட்டுப்போட்டு வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றிய இடம், மூடி உடைந்த டிபி பெட்டி, தண்ணீர் தேங்கும் குழிக்குள் இருக்கும் கேபிள் இணைப்பு ஆகிய மூன்று இடங்களில்தான் ஈரம் இறங்கும்.

இதில் பெரிய சிக்கல், லைன்மேன் வரும் நாளில் வெயில் அடிக்கும். சோதித்துப் பார்ப்பார், எல்லாம் சரியாக இருக்கும், புகாரை மூடிவிட்டுப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. பழுது அந்த நேரத்தில் உண்மையிலேயே இல்லை. ஆகவே மழை பெய்துகொண்டிருக்கும்போதே புகாரைப் பதிவு செய்யுங்கள். எக்ஸ்சேஞ்சிலிருந்தே லைனைச் சோதிக்கும் வசதி உண்டு. ஈரத்தில் காப்புத் தடை இறங்கியிருப்பது அந்தச் சோதனையில் தெரியும். மழை நேரத்தின் எஸ்என்ஆர், அட்டென்யுவேஷன் எண்களைச் செல்போனில் படமெடுத்து வையுங்கள். போன் இரைச்சலையும் பதிவு செய்து வையுங்கள்.

வீட்டுச் சுவரிலிருந்து கம்பம் வரை டிராப் வயரைக் கீழே நின்றபடியே கண்ணால் தொடர்ந்து பாருங்கள். நடுவில் ஒட்டு தெரிந்தால் அதுவாகத்தான் இருக்க அதிக வாய்ப்பு. ஒட்டை மறுபடி ஒட்டித் தரச் சொல்லாதீர்கள். கம்பத்திலிருந்து ரோசெட் வரை ஒரே துண்டாகப் புது டிராப் வயர் இழுத்துத் தரக் கேளுங்கள். தென்னை மட்டையும் முருங்கைக் கிளையும் உரசும் இடம் இருந்தால் வெட்டி வையுங்கள். வயர் வீட்டுக்குள் நுழையும் துளைக்கு முன்னால் கொஞ்சம் தொங்கலாக விட்டால் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், ரோசெட்டுக்குள் வராது.

பகலெல்லாம் சரி, இருட்டினதும் அறுகிறது

சாயங்காலம் எல்லாரும் நெட் பார்க்கிறார்கள், அதனால்தான் என்று சொல்லிவிடுவார்கள். அது வேகம் குறைவதற்குக் காரணம் ஆகலாம். டிஎஸ்எல் விளக்கு அணைவதற்குக் காரணம் ஆகாது. கூட்டத்தால் சிங்க் அறாது. விளக்கு அணைந்தால் காரணம் வேறு.

ஏடிஎஸ்எல் டவுன்லோடுக்குப் பயன்படுத்தும் அதிர்வெண் பட்டை 138 கிலோஹெர்ட்ஸிலிருந்து 1104 வரை. ஏடிஎஸ்எல்2+ என்றால் 2208 வரை. வானொலியின் மீடியம் வேவ் பட்டை 531 முதல் 1602 கிலோஹெர்ட்ஸ். அதாவது வானொலி அப்படியே உங்கள் பிராட்பேண்ட் பட்டைக்குள் உட்கார்ந்திருக்கிறது. சென்னை வானொலியின் 720, திருச்சியின் 936, திருநெல்வேலியின் 1197 எல்லாம் இதற்குள்தான். கம்பத்திலிருந்து வீட்டுக்குத் தொங்கும் டிராப் வயர் ஓர் ஏரியலாக இதைப் பிடிக்கிறது. பகலில் வானத்தின் கீழ்ப்படலம் தூரத்து நிலையங்களின் அலையை விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அந்தப் படலம் கரைந்து, அலைகள் மேல்படலத்தில் பட்டுத் திரும்புகின்றன. இரவில் தூரத்து நிலையமெல்லாம் டிரான்சிஸ்டரில் கேட்பது இதனால்தான். உங்கள் லைனிலும் அதெல்லாம் ஏறுகிறது.

மதியம் மோடத்தைப் போட்டால் அது அமைதியான லைனைப் பார்த்து அதிக வேகத்தில் பேச்சை முடித்துக்கொள்கிறது. இரவு இரைச்சல் கூடியதும் மிச்சம் வைத்த 6 டெசிபலும் கரைந்து அறுகிறது. ஏழு, எட்டு மணிக்கு இருட்டிய பின் மோடத்தை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். அது இரவு இரைச்சலைக் கணக்கில் எடுத்துக்கொண்டு கொஞ்சம் குறைந்த வேகத்தில் கட்டும். பகலிலும் அதே வேகத்தில் நிற்கும். சில நாள் இதைச் செய்து நெட் அறாமல் இருந்தால் எக்ஸ்சேஞ்சில் உங்கள் லைனுக்கு வேகத்தைக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள். புரொஃபைல் மாற்றம் என்று கேட்டால் புரியும். நீளமான லைன் என்றால் மோடத்திலேயே மாடுலேஷனை (இணைப்பு முறையை) ஏடிஎஸ்எல்2+ இலிருந்து ஜி.டிஎம்டிக்கு மாற்றியும் பார்க்கலாம். 8 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் போகாது. ஆனால் நீண்ட லைனில் அந்த உயர் பட்டை எப்படியும் வந்து சேர்வதில்லை.

என் கருத்து இதில் தெளிவு: 4 எம்பிபிஎஸ்ஸில் நாள் முழுக்க நிற்கும் லைன், 8 எம்பிபிஎஸ்ஸில் மணிக்கு ஒருமுறை அறும் லைனைவிட எவ்வளவோ மேல். பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்கும் வீடியோ காலுக்கும் நிலைத்தன்மைதான் வேண்டும்.

ஏதோ ஒன்றைப் போட்டால் அறுகிறது

மோட்டார் போட்டால், மிக்ஸி ஓடினால், கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஏறினால் என்று ஒரு பொருளோடு சேர்ந்து அறுந்தால் அது மின் இரைச்சல். எந்தப் பொருள் என்று கண்டுபிடிக்க, பேட்டரியில் ஓடும் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்றே போதும். மீடியம் வேவில் எந்த நிலையமும் இல்லாத இடத்தில் முள்ளை வைத்துச் சத்தத்தைக் கூட்டி வீடு முழுக்க நடங்கள். ‘ர்ர்ர்’ என்று உறுமல் எந்த இடத்தில் கூடுகிறதோ அங்கே இருக்கிறது ஆள். மலிவான எல்இடி பல்பு, எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், செட்டாப் பாக்ஸ் அடாப்டர், போன் சார்ஜர் எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். உறுமல் நின்றால் அதுதான். அதை மாற்றுங்கள், அல்லது மோடத்தையும் போன் ஒயரையும் அதைவிட்டுத் தள்ளி வையுங்கள். இன்வெர்ட்டரில் மட்டும் சிக்கல் என்றால், மோடத்துக்கு மட்டும் தனியாகச் சின்ன 12 வோல்ட் பேட்டரி யுபிஎஸ் வைத்துவிடுங்கள். உங்கள் மோடம் 12 வோல்ட் தானா என்று பார்த்துக்கொண்டு வாங்குங்கள்.

இடி இடித்த மறுநாளிலிருந்து

போன் நன்றாகப் பேசுகிறது, டிஎஸ்எல் விளக்கு மட்டும் எரியவே இல்லை என்றால் மோடத்தின் லைன் வாய் போயிருக்கும், அல்லது எக்ஸ்சேஞ்சில் போர்ட் போயிருக்கும். தெரிந்தவர் வீட்டு மோடத்தைக் கொண்டுவந்து செருகிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். இனிமேல் இடி வரும்போது கரண்ட் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. போன் ஒயரையும் பிடுங்குங்கள். பெரும்பாலும் அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது.

போன் டெட், ஆனால் நெட் மட்டும் மெதுவாக வருகிறது

நம்ப முடியாததுபோல் இருக்கும், ஆனால் நடக்கும். இரண்டு கம்பியில் ஒன்று அறுந்தால் குரலும் 48 வோல்ட்டும் அதைத் தாண்டி வராது. ஏடிஎஸ்எல்லின் உயர் அதிர்வெண்ணோ அந்த இடைவெளியைத் தாண்டிக் கொஞ்சம் கசிந்து போய்விடும். நெட்தான் வருகிறதே என்று விட்டுவிடாதீர்கள். போன் டெட் என்று புகார் கொடுத்தால் இரண்டும் சரியாகும்.

நெட் அறுவதில்லை, ஆனால் மெதுவாக இருக்கிறது

முதலில் கணக்கு. 8 எம்பிபிஎஸ் என்பது விநாடிக்கு 8 மெகாபிட். டவுன்லோட் காட்டும் மெகாபைட் கணக்கில் 1. அதிலும் ஏடிஎஸ்எல் தகவலை 53 பைட் பெட்டிகளாக நறுக்கி அனுப்புகிறது, அதில் 48 பைட்தான் சரக்கு. மற்ற தலைப்புகளும் சேர்ந்து, சிங்க் வேகத்தில் பத்து, பதினைந்து சதவீதம் வழியிலேயே போகும். பிளானின் டேட்டா வரம்பு முடிந்து வேகம் குறைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் அப்லோட். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. சாதாரண ஏடிஎஸ்எல்லில் மேலே அனுப்பும் வேகம் 1 எம்பிபிஎஸ் அளவுதான். கல்யாண வீட்டுப் படங்களை எல்லாம் செல்போன் தானாகவே கிளவுடுக்கு ஏற்ற ஆரம்பித்தால் அந்தச் சின்னப் பாதை நிரம்பிவிடும். நீங்கள் எதைத் திறந்தாலும் ‘கிடைத்தது, அடுத்ததை அனுப்பு’ என்ற பதில் அதே பாதையில்தான் போக வேண்டும். அது வரிசையில் நிற்கும், இறக்கமும் நின்றுபோகும். வீட்டில் உள்ள எல்லாச் செல்போனிலும் படங்களை இப்படி ஏற்றுவதை இரவு நேரத்துக்கு மாற்றுங்கள். சிசிடிவி கேமரா ஏற்றிக்கொண்டிருந்தால் அதையும் பாருங்கள்.

வைஃபையில் மட்டும் மெதுவாக இருந்தால் சேனலை 1, 6, 11 இந்த மூன்றில் ஒன்றுக்கு மாற்றுங்கள். அபார்ட்மெண்டில் பக்கத்து வீடுகள் எதில் இல்லையோ அதில். சிங்க் வேகம் மாறாமல், சிஆர்சி ஏறாமல், லேன் கேபிளிலும் இரவு மட்டும் மெதுவாக இருந்தால்தான் அது கூட்டம். அதற்கு உங்கள் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. புகாரில் அந்த நேரங்களை எழுதுங்கள்.

புகார் கொடுக்கும்போது என்ன சொல்வது

‘நெட் வரவில்லை’ என்று சொன்னால் யாருக்கும் உதவாது. இப்படிச் சொல்லுங்கள்: ‘ரோசெட்டில் நேராகச் செருகிப் பார்த்தேன். நல்ல நாளில் எஸ்என்ஆர் 11, இப்போது 3. அட்டென்யுவேஷன் 32 இருந்தது, 44 ஆகிவிட்டது. போனில் கரகரப்பு இருக்கிறது. மழை பெய்தால் கூடுகிறது.’ இதைக் கேட்டவர் உங்களை மோடத்தை அணைத்துப் போடச் சொல்ல மாட்டார். டாக்கெட் எண்ணை, அதாவது புகார் எண்ணை, வாங்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். லைன்மேன் வந்தால் டிபி பெட்டியில் உள்ள முறுக்குகளைப் புதிதாகச் சீவிப் போடச் சொல்லுங்கள். அப்படியும் பழுது தீரவில்லை என்றால் கேபிளில் வேறு ஜோடிக்கு மாற்றித் தரக் கேளுங்கள். கடைசியாக எக்ஸ்சேஞ்சில் போர்ட் மாற்றம். அவர் இருக்கும்போதே மோடம் பக்கத்தைத் திறந்து எண் மாறுகிறதா என்று அவருக்கும் காட்டுங்கள். வெயிலில் கம்பம் ஏறி இறங்கும் மனிதர்; எந்த முறுக்கைத் தொட்டதும் எண் ஏறியது என்று உடனே தெரிந்தால் அவர் வேலையும் சீக்கிரம் முடியும்.

அட்டென்யுவேஷன் 60ஐ நெருங்கினால், அதாவது லைன் நான்கு கிலோமீட்டரைத் தாண்டினால், எந்த ஜாயின்ட்டைச் சரிசெய்தாலும் அந்த லைன் வேகமாக ஓடாது. குறைந்த வேகத்தில் நிலையாக நிற்க வைப்பதுதான் செய்யக்கூடியது. உங்கள் தெருவுக்கு ஃபைபர் வந்திருந்தால் மாறிவிடுங்கள். கண்ணாடி இழையில் ஈரமும் மீடியம் வேவும் ஏறாது. ஆனால் செம்பு லைனில் கம்பி போன் எக்ஸ்சேஞ்சின் பேட்டரியில் ஓடும், வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் பேசலாம். ஃபைபரில், இழை வீட்டில் வந்து சேரும் ஓஎன்டி பெட்டிக்கு உங்கள் வீட்டுக் கரண்ட் வேண்டும். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடு என்றால் மாறும் நாளிலேயே அதற்கு ஒரு பேட்டரி யுபிஎஸ்ஸையும் வாங்கி வைத்துவிடுங்கள்.